‘ஹார்ட்லி’க்குள் ஓர் ‘இல்லை’

ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழின் சொல் பகுதி முழுவதையும் ‘ஹார்ட்லி’க்கே (hardly) கொடுத்துவிட்டோம்.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ‘ஐ ஸ்டடிட் ஹார்ட்லி ஃபார் த எக்ஸாம்’ என்று எழுதியதை ஆசிரியை சிவப்பு மையால் சுழித்துவிட்டார். ‘க்விக்’ என்பது ‘க்விக்லி’ ஆகிறது, ‘ஸ்லோ’ என்பது ‘ஸ்லோலி’ ஆகிறது. ‘ஹார்ட்’ மட்டும் ஏன் ‘ஹார்ட்லி’ ஆகக் கூடாது?
– ஒரு தாய், விருதுநகர்

ஆசிரியை சுழித்தது சரிதான். ‘கடுமையாகப் படித்தேன்’ என்பதற்கு ‘ஐ ஸ்டடிட் ஹார்ட்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஐ ஹார்ட்லி ஸ்டடிட்’ என்றால் ‘நான் படிக்கவே இல்லை என்று சொல்லலாம்’ என்று பொருள். உங்கள் மகள் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிர்.

‘லி’ சேர்த்தால் வினையடை வந்துவிடும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் விதி பெரும்பாலும் பொருந்தும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் வினையடை செய்ய இன்னொரு வழியும் இருந்தது. பெயரடையின் கடைசியில் ‘எ’ என்ற ஒலியைச் சேர்ப்பார்கள். ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ இரண்டும் அப்படித்தான் வினையடை ஆயின. 1400ஐ ஒட்டிய காலத்தில் அந்தக் கடைசி ‘எ’ பேச்சில் தேய்ந்து மறைந்தது. அதனால் பெயரடையும் வினையடையும் ஒரே உருவில் நின்றுவிட்டன. ‘எ ஹார்ட் ஸ்டோன்’ என்பதில் அது கல்லைக் காட்டுகிறது. ‘வொர்க் ஹார்ட்’ என்பதில் வேலை செய்யும் விதத்தைக் காட்டுகிறது. ‘ஃபாஸ்ட்’டும் இப்படியே. ‘ரன் ஃபாஸ்ட்லி’ என்று யாரும் சொல்வதில்லை.

இது நமக்குப் புதிதல்ல. ‘வேகமாக நட’, ‘அமைதியாக நட’ என்கிறோம். ‘மெல்ல’ என்று வந்தால் ‘மெல்ல நட’ என்று விட்டுவிடுகிறோம். அங்கே ‘ஆக’வைத் தேடுவதில்லை.

மகளுக்குச் சில தொடர்களை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்: வொர்க் ஹார்ட், ட்ரை ஹார்ட், திங்க் ஹார்ட், ரெய்னிங் ஹார்ட். செயப்படுபொருள் இருந்தால் ‘ஹார்ட்’ அதற்கும் பின்னால் போகும்: ‘ஷி ஹிட் த பால் ஹார்ட்’. எல்லாவற்றிலும் அது வினைக்குப் பின்னால்தான் நிற்கிறது. ‘ஹார்ட்லி’ வினைக்கு முன்னால் நிற்கும். இந்த இட வேறுபாடு பதிந்துவிட்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

‘ஹார்ட்’ என்றால் கடினம். அதில் பிறந்த ‘ஹார்ட்லி’க்கு ‘ஏறக்குறைய இல்லை’ என்ற பொருள் எப்படி வந்தது? தொடர்பே தெரியவில்லையே?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு

தொடர்பு உங்கள் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது, ஐயா. ‘அரிது’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

‘சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்’ என்ற குறளில் ‘அரிய’ என்பது ‘எளிய’ என்பதற்கு எதிராக நிற்கிறது. அங்கே பொருள் ‘கடினமானவை’. ‘அவர் இந்தப் பக்கம் அரிதாகத்தான் வருவார்’ என்று இன்று சொல்லும்போது கடினம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை, ‘எப்போதாவது’ என்றுதான் புரிந்துகொள்கிறோம். செய்யக் கடினமானது அடிக்கடி நடக்காது, அடிக்கடி நடக்காதது அபூர்வமாகிவிடும். இந்த வழியில்தான் தமிழில் பொருள் நகர்ந்தது. ஆங்கிலமும் இதே வழியில், நம்மைக் கேட்காமலே, தானாக நடந்திருக்கிறது.

படிகளைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ‘துணிவாக’, ‘கடுமையாக’ என்ற பொருள்கள் இருந்தன. ‘ஹார்ட்’டுக்கே அன்று உறுதி, வீரம் என்ற சாயல் உண்டு. ரிச்சர்ட், லியோனார்ட், பெர்னார்ட் என்ற ஜெர்மானியப் பெயர்களின் ஈற்றில் இருப்பது இந்த ‘ஹார்ட்’தான். லியோனார்ட் என்றால் சிங்கம்போல் உறுதியானவன், பெர்னார்ட் என்றால் கரடிபோல் உறுதியானவன். கிரேக்கத்தில் வலிமையைக் குறிக்கும் ‘க்ராட்டோஸ்’ஸும் இதே வேரைச் சேர்ந்தது. ‘டெமாக்ரசி’யின் பின்பாதியில் நிற்பது அது.

அடுத்த படியில் ‘கடுமையாக’ என்பது ‘சிரமப்பட்டு’ ஆயிற்று. பிறகு, ‘சிரமப்பட்டுத்தான் முடிந்தது’ என்பது ‘ஏதோ மயிரிழையில் முடிந்தது’ ஆகி, கடைசியில் ‘முடிந்தது என்றே சொல்ல முடியாது’ என்ற இடத்துக்கு வந்து நின்றது. இந்தக் கடைசிப் பொருள் 16ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்துவிட்டது. பழைய பொருளும் உடனே செத்துவிடவில்லை, வெகுகாலம் கூடவே வாழ்ந்தது.

இதற்குக் கண்கூடான சாட்சி 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம். மத்தேயு 19ஆம் அதிகாரம் 23ஆம் வசனத்தில் ‘எ ரிச் மேன் ஷல் ஹார்ட்லி என்டர் இன்டு த கிங்டம் ஆஃப் ஹெவன்’ என்று இருக்கிறது. இன்றைய ஆங்கிலக் காதோடு படித்தால் ‘பணக்காரன் நுழையவே மாட்டான்’ என்று கேட்கும். மொழிபெயர்த்தவர்கள் நினைத்தது ‘சிரமப்பட்டுத்தான் நுழைவான்’ என்பது. கிரேக்க மூலத்தில் இருக்கும் ‘டுஸ்கோலோஸ்’ என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். இதனால்தான் பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் அங்கே ‘ஹார்ட்லி’யை எடுத்துவிட்டு ‘ஹார்ட்’ என்று போட்டிருக்கின்றன. தமிழ் வேதாகமத்தில் அந்த வசனம் எப்படி இருக்கிறது தெரியுமா? ‘ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பது அரிதென்று’. அதே ‘அரிது’! அந்தச் சொல் இன்றைய வாசகரைத் தவறான பொருளுக்கு இழுப்பதில்லை, ஏனென்றால் நம் ‘அரிது’ கடினம் என்ற பொருளை இன்னும் கைவிடவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். ‘அரிது’ அபூர்வம் என்ற இடத்தோடு நின்றுவிட்டது, அங்கிருந்து ‘அருமை’ என்று இன்னொரு கிளையும் விட்டது. கிடைப்பதற்கு அரியது அருமையானதாகிவிட்டது. ‘ஹார்ட்லி’ அந்தப் பக்கம் போகவில்லை. அது இன்னும் ஒரு படி இறங்கி ‘இல்லை’க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

பழைய ஆங்கில நூல்களில் ‘டெல்ட் ஹார்ட்லி வித் ஹர்’ என்று வருகிறது. ‘அவளோடு பழகவே இல்லை’ என்று பொருள் கொள்ளலாமா?
– நூலகர், பாளையங்கோட்டை

கூடாது. ‘அவளைக் கடுமையாக நடத்தினாள்’ என்று பொருள். முன் சொன்ன அதே 1611 பதிப்பில், ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில், ஆபிராமின் மனைவி சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரை நடத்திய விதத்துக்கு இந்தத் தொடர்தான் வருகிறது. தமிழில் அங்கே ‘கடினமாய் நடத்தினபடியால்’ என்று இருக்கிறது. பழைய நூல்களில் ‘ஹார்ட்லி’ வினைக்குப் பின்னால் நின்றால் ‘கடுமையாக’ என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். இன்று யாராவது ‘ஹார்ட்லி யூஸ்ட்’ என்று சைக்கிள் விளம்பரம் கொடுத்தால், அது அதிகம் ஓட்டப்படாத சைக்கிள்.

போட்டித் தேர்வில் ‘ஹார்ட்லி ஹாட் ஐ ரீச்ட் த ஸ்டேஷன் ......... த ட்ரெயின் லெஃப்ட்’ என்று வந்தது. நான் ‘தேன்’ (than) என்று நிரப்பினேன். விடை ‘வென்’ என்கிறார்கள். ‘நோ சூனர்’ வந்தால் ‘தேன்’ போடுகிறோமே?
– தேர்வுக்குத் தயாராகும் மாணவர், மதுரை

‘நோ சூனர்’ வந்தால் ‘தேன்’ என்பது சரி. காரணத்தைப் பிடித்துக்கொண்டால் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘சூனர்’ என்பது ‘சூன்’ என்பதன் ஒப்பீட்டு வடிவம், ‘இன்னும் சீக்கிரம்’. ஒப்பீடு வந்தால் ‘எதைவிட’ என்ற கேள்வி வரும், அதற்காகத்தான் ‘தேன்’. ‘ஹார்ட்லி’யில் ஒப்பீடு எதுவும் இல்லை. ‘நான் இன்னும் சரியாக உள்ளே நுழையக்கூட இல்லை, அப்போது ரயில் கிளம்பியது’ என்பதுதான் வாக்கியத்தின் அமைப்பு. அந்த ‘அப்போது’தான் ‘வென்’. ‘பிஃபோர்’ போட்டாலும் சரி. அதே பொருள் தரும் ‘ஸ்கேர்ஸ்லி’க்கும் இதே கணக்கு. இரண்டையும் கலந்து ‘ஹார்ட்லி... தேன்’ என்று எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் உண்டு. ஆனாலும் தேர்வில் அது தவறுதான்.

தமிழில் இதற்கு அச்சாக ஒரு வழக்கு இருக்கிறது: ‘ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ரயில் கிளம்பிவிட்டது.’ அந்த ‘நுழையாதது’தான் ‘ஹார்ட்லி’. தமிழாக்கம் செய்யும்போது ‘அரிதாக நான் நிலையத்தை அடைந்தபோது’ என்று எழுதிவிடாதீர்கள்.

வாக்கியத்தைக் கட்டும் முறை: முதலில் ‘ஹார்ட்லி’, அடுத்து ‘ஹாட்’, அதன் பிறகு எழுவாய், பின்னர் வினையின் மூன்றாம் வடிவம். ‘வென்’னுக்குப் பின்னால் சாதாரண இறந்தகாலம். ‘ஹார்ட்லி’யை வாக்கியத்தின் நடுவில் வைத்தால் இந்தத் திருப்பம் வேண்டாம்: ‘ஐ ஹாட் ஹார்ட்லி ரீச்ட் த ஸ்டேஷன் வென் த ட்ரெயின் லெஃப்ட்.’ பெரும்பாலோர் கோட்டை விடுவது ‘ஹார்ட்லி ஐ ஹாட் ரீச்ட்’ என்று எழுதி. எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் தலையில் ஏறினால் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வரும். ‘நெவர்’, ‘செல்டம்’ வந்தாலும் அப்படித்தான்.

ஒரு பொறி மட்டும் உண்டு. ‘ஹார்ட்லி எ டே பாஸஸ் விதவுட் எ குவாரல்’, அதாவது ‘சண்டை இல்லாத நாளே இல்லை’. இங்கேயும் ‘ஹார்ட்லி’ தலையில்தான் இருக்கிறது, ஆனால் திருப்பம் இல்லை. அது ‘எ டே’ என்ற எழுவாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுவாயோடு ஒட்டினால் வரிசை மாறாது.

‘ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர் யூ’ என்று போனில் சொன்னேன். மேலதிகாரி திருத்தினார். என்ன பிழை?
– அலுவலக உதவியாளர், கோயம்புத்தூர்

‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ’ என்பதே போதும். ‘நாட்’ அங்கே இரண்டாவது முறை வந்துவிட்டது, முதல் ‘இல்லை’ ‘ஹார்ட்லி’க்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் சில வட்டாரப் பேச்சில் ‘கான்ட் ஹார்ட்லி’ என்று கேட்கலாம். ஆனால் எழுத்திலும் அலுவலகப் பேச்சிலும் அது ஏற்கப்படுவதில்லை.

தமிழரிடம் இந்தப் பிழை வருவதற்குக் காரணம் நம் மொழியின் அமைப்பு. தமிழில் மறுப்பு வினையில்தான் உட்காரும்: கேட்கவில்லை, கேட்காது, கேட்க மாட்டார். வினையை உடன்பாடாக விட்டுவிட்டு, முன்னால் நிற்கும் அடையில் மட்டும் மறுப்பை ஒளித்துவைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. ‘சரியாகவே கேட்கவில்லை’ என்று மனம் நினைக்கிறது, வாயில் ‘கான்ட்’ வந்துவிடுகிறது, அப்புறம் ‘ஹார்ட்லி’யும் சேர்ந்துகொள்கிறது. எனவே ‘ஹார்ட்லி’ சொல்லப் போகிறீர்கள் என்றால் வினையை உடன்பாட்டில் வையுங்கள்.

இந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு மூன்று பிழைகளைத் தவிர்க்கலாம். குடத்தில் தண்ணீர் ஏறக்குறைய இல்லை என்றால் ‘ஹார்ட்லி எனி வாட்டர்’. ‘ஹார்ட்லி நோ வாட்டர்’, ‘ஹார்ட்லி சம் வாட்டர்’ இரண்டும் தவறு. ‘ஆல்மோஸ்ட்’ என்றால் ‘ஆல்மோஸ்ட் நோ வாட்டர்’. ‘ஆல்மோஸ்ட்’டுக்குள் மறுப்பு இல்லை, அதனால் ‘நோ’ தேவைப்படுகிறது. அதேபோல ‘ஹார்ட்லி எவர்’, ஆனால் ‘ஆல்மோஸ்ட் நெவர்’. மூன்றாவது, வாக்கியத்தின் வாலில் வரும் கேள்வி. ‘ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹி?’ என்றுதான் முடிக்க வேண்டும், ‘டஸன்ட் ஹி’ வராது. தமிழில் எந்த வாக்கியத்துக்கும் ‘இல்லையா?’ என்ற ஒரே வால் போதும் என்பதால் இது நமக்குச் சட்டென்று பிடிபடாது.

எங்கள் சங்க ஆண்டு விழாவில் வரவேற்புரை ஆங்கிலத்தில். ‘ஐ ஹார்ட்டிலி வெல்கம் யூ’ என்று எழுதி வைத்திருக்கிறோம். பேசுபவர் ஒத்திகையில் ‘ஹார்ட்லி வெல்கம்’ என்கிறார். பெரிய தவறா?
– சங்கச் செயலாளர், கும்பகோணம்

தவறுதான், விழாவுக்கு முன் திருத்திவிடுங்கள். ‘ஹார்ட்டிலி’ என்பது இதயம் என்ற ‘ஹார்ட்’டில் பிறந்தது, மனமார என்று பொருள். நடுவில் உள்ள ‘டி’யை விழுங்கினால் ‘உங்களை வரவேற்கிறோம் என்றே சொல்ல முடியாது’ என்று ஆகிவிடும். தமிழ் எழுத்தில் ‘ஹார்ட்’ என்று எழுதினால் இதயத்துக்கும் கடினத்துக்கும் ஒரே ‘ட்’ வருவதால் மயக்கம் கூடுகிறது. ஆங்கிலத்தில் இதயத்தின் இறுதி ஒலி ‘பட்டு’வில் வரும் வல்லொலி, கடினத்தின் இறுதி ஒலி ‘பாடு’வில் வரும் மெல்லிய ஒலி. ஹார்-ட்டி-லி என்று மூன்று அசையாகப் பிரித்து, தாளில் இடைவெளி விட்டு எழுதிக் கொடுங்கள். அதிலும் நாக்கு தடுக்கினால் ‘எ வெரி வார்ம் வெல்கம் டு யூ ஆல்’ என்று மாற்றிவிடுங்கள். அதுவே இயல்பான ஆங்கிலம்.

‘ஹார்ட்லி பத்து நிமிஷம்தான் ஆகும் சார்’ என்று எல்லாரும் சொல்கிறோம். இது சரியா? ‘பேர்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’க்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
– வங்கி ஊழியர், தூத்துக்குடி

பேச்சில் குறையொன்றும் இல்லை. நம் வழக்கில் அந்த ‘ஹார்ட்லி’க்கு ‘மிஞ்சிப்போனால்’ என்ற பொருள் வந்துவிட்டது, அதைத் தாங்கப் பின்னால் ஒரு ‘தான்’னும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் எண்ணோடு ‘ஹார்ட்லி’ வந்தால் ‘முழுசாகப் பத்துகூட இல்லை’ என்ற தொனி. அதனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது, அதிகபட்சத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ‘டென் மினிட்ஸ் அட் த மோஸ்ட்’ என்று எழுதுங்கள், ஐயத்துக்கு இடமிருக்காது.

‘பேர்லி’யில் இருக்கும் ‘பேர்’ வெறுமையைக் குறிப்பது. உபரி எதுவும் இல்லை, ஆனால் காரியம் நடந்துவிட்டது. 100க்கு 35 தேர்ச்சி மதிப்பெண் என்றால், 35 எடுத்தவரைப் பற்றி ‘ஹி பேர்லி பாஸ்ட்’ என்பார்கள். அவர் தேறிவிட்டார். ‘ஹார்ட்லி’ தராசின் மறுதட்டில், நடக்கவில்லை என்ற பக்கம் சாயும். ‘கேன்’, ‘குட்’ கூட வரும்போது மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒன்று: ‘ஐ குட் பேர்லி சீ’, ‘ஐ குட் ஹார்ட்லி சீ’. ‘ஸ்கேர்ஸ்லி’ பொருளில் ‘ஹார்ட்லி’யேதான், கொஞ்சம் ஏட்டு வாசனை. பேச்சில் அதிகம் வராது.

மொழிபெயர்ப்பில் ‘இட் இஸ் ஹார்ட்லி சர்ப்ரைசிங்’ என்பதை ‘இது அரிதாகவே ஆச்சரியமானது’ என்று எழுதினேன். ஒட்டவில்லை.
– மொழிபெயர்ப்பு மாணவி, சென்னை

ஒட்டாது. இங்கே ‘ஹார்ட்லி’ அளவைச் சொல்லவில்லை, மறுப்பை மென்மையாக்கிச் சொல்கிறது. தமிழில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் கேள்விதான். ‘இதில் என்ன ஆச்சரியம்?’ என்று எழுதிப் பாருங்கள். ‘திஸ் இஸ் ஹார்ட்லி த டைம்’ என்றால் ‘இதுவா அதற்கு நேரம்?’. ‘ஐ ஹார்ட்லி நோ ஹிம்’ என்பதற்கு ‘அவரை அவ்வளவாகத் தெரியாது’. ‘வீட்டை முடித்துவிட்டாயா?’ என்ற கேள்விக்கு ‘ஹார்ட்லி!’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் ‘எங்கே!’ என்று போடுங்கள். வினை வந்தால் ஏகாரமும் எதிர்மறையும் கைகொடுக்கும்: ‘ஷி ஹார்ட்லி ஈட்ஸ்’, ‘அவள் சாப்பிடுவதே இல்லை’. ‘அரிதாக’ என்ற சொல்லை ‘ஹார்ட்லி எவர்’ வரும்போது மட்டும் வெளியே எடுங்கள், அங்கேதான் ‘எத்தனை தடவை’ என்ற கணக்கு இருக்கிறது.

வேலைக்கான விண்ணப்பத்தில் ‘ஐ ஹாவ் ஹார்ட்லி வொர்க்ட் இன் சேல்ஸ் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’ என்று எழுதலாமா?
– பட்டதாரி, ஈரோடு

வேண்டாம். ‘ஆறு ஆண்டாக விற்பனைத் துறையில் வேலையே பார்க்கவில்லை’ என்று படிப்பார்கள். ‘ஐ ஹாவ் வொர்க்ட் ஹார்ட்’ என்று எழுதினால் பிழை இருக்காது. ஆனால் உழைத்தேன் என்று சொல்வதைவிட, எந்தப் பகுதியில் என்ன பொருளை எவ்வளவு விற்றீர்கள் என்று எழுதுவது பயன் தரும்.

‘ஹார்ட்லி’ போல வேறு சொற்களும் உண்டா?
– வாசகர், காரைக்குடி

உண்டு. அலுவலகங்களில் அடிக்கடி காணும் பிழை ‘ஹி கேம் லேட்லி’. தாமதமாக வந்தார் என்றால் ‘ஹி கேம் லேட்’. ‘லேட்லி’ என்பது ‘அண்மைக் காலமாக’. ‘நியர்’ பக்கத்தில், ‘நியர்லி’ ஏறக்குறைய. ‘ஷார்ட்லி’ என்றால் சற்று நேரத்தில், சுருக்கமாக என்பதற்கு ‘ப்ரீஃப்லி’. ‘ஹை’ உயரத்தில், ‘ஹைலி’ மிகவும்: பட்டம் ‘ஹை’ ஆகப் பறக்கும், படித்தவர் ‘ஹைலி எஜுகேட்டட்’. இவற்றில் ‘நியர்லி’யை ‘ஹார்ட்லி’யோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ‘நியர்லி ஃபுல்’ என்றால் குடம் விளிம்புவரை வந்துவிட்டது, ‘ஹார்ட்லி எனிதிங் இன் இட்’ என்றால் அடியில் ஒரு மிடறு.